தொடையில் யூரின் டியூபைப் பிடித்து வைக்கும் சாதனங்கள்: அடிவயிற்றுப் பிடிப்புக்கு எது உதவுகிறது?

கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் டியூப், போட்டிருப்பவருக்கு வரும் பிடிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். அடிவயிறு திடீரெனச் சுருட்டிப் பிடிக்கும். சிறுநீர்ப்பை காலியாக இருந்தாலும் இப்போதே போக வேண்டும் என்று முட்டும். சிறுநீர் டியூபுக்குள் போகாமல் அதன் வெளிப்பக்கமாகக் கசிந்து துணியை நனைக்கும். ஆண்களுக்கு வலி குறியின் நுனியில் தெரியும், ஆனால் அதைக் கிளப்புவது உள்ளே இருக்கும் பலூன்தான். டியூப் போட்ட முதல் சில நாட்களில் இது பெரும்பாலோருக்கு வரும், பிறகு தணியும். தணியாவிட்டால் உடனே மாத்திரை கேட்பதுதான் வழக்கம். அதற்கு முன்னால் டியூப் தொடையில் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு அது கட்டப்பட்டே இருக்காது.

டியூபின் நுனியில் உள்ள பலூன், வழக்கமாக 10 மி.லி. தண்ணீர் ஏற்றியது, சிறுநீர்ப்பையின் வாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒட்டிய முக்கோணப் பகுதியில் உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. டியூப் கீழே இழுபடும்போதெல்லாம் பலூன் அந்த இடத்தில் அழுந்துகிறது. தசை அதை வேண்டாத பொருளாக நினைத்து நெருக்கித் தள்ளப் பார்க்கிறது. காலில் கட்டும் பேக்கில் 500 மி.லி. சேர்ந்தால் எடை அரை கிலோ. டியூபைப் பிடிக்க வேறெதுவும் இல்லையென்றால், ஒவ்வொரு அடி நடக்கும்போதும் அந்த அரை கிலோ பலூனில்தான் தொங்கும். ஆகவே இங்கே பார்க்கும் சாதனங்களுக்கு வைத்த சோதனை ஒன்றே: பேக்கின் இழுப்பு பலூன் வரை போகிறதா, இல்லையா?

ஒட்டும் பிடிப்பான்

ஸ்டாட்லாக் என்ற பெயரில் அதிகம் அறியப்படுவது இந்த வகை. தோலில் ஒட்டும் மெத்தை, அதன்மேல் சுழலும் பிளாஸ்டிக் கவ்வி. மூன்று வகைகளில் இதற்கே முதலிடம், காரணம் அந்தச் சுழற்சிதான். கால் திரும்பினால் கவ்வி திரும்புகிறது, டியூப் முறுக்கிக்கொள்வதில்லை. தோலோடு ஒட்டியிருப்பதால் இறங்கி வரவும் வழியில்லை.

ஆனால் ஒட்டும் முறையில் பாதிப் பேர் தவறுகிறார்கள். எண்ணெயோ லோஷனோ தடவிய தொடையில் இது ஒரு நாள்கூட நிற்காது. முடி அதிகமிருந்தால் கத்தரியால் ஒட்டக் கத்தரியுங்கள். சவரம் செய்தால் கீறல் விழுந்து, அதன்மேல் பசை எரியும். தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, கூடவே வரும் பாதுகாப்புத் திரவத்தைத் தடவி, 10 முதல் 15 நொடி முழுதாகக் காய விடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் மறுநாளே சுருளும். டியூபை முதலில் கவ்வியில் பொருத்தி மூடிவிட்டு, அதன்பின் மெத்தையை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு டியூபைக் கவ்விக்குள் அழுத்தினால் அந்த அழுத்தம் அப்படியே உள்ளே போகும்.

கவ்வி பிடிக்க வேண்டியது டியூப் இரண்டாகக் கிளை பிரியும் தடித்த பகுதியை. மெல்லிய தண்டைப் பிடித்தால் உள்வழி நசுங்கலாம். பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் சின்னக் கிளையைக் கவ்வியில் சிக்கவிடக் கூடாது. மூடிய பிறகு சிறுநீர் இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். லேட்டக்ஸ் டியூபுக்கும் சிலிக்கான் டியூபுக்கும் தனித்தனிக் கவ்விகள் கிடைக்கின்றன. சிலிக்கான் வழுக்கும் என்பதால் வாங்கும்போது எதற்கானது என்று உறையில் பார்த்துவிடுங்கள்.

இதன் குறை, கழற்றும்போதுதான் தெரியும். 7 நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பிளாஸ்டர் பிய்ப்பது போல இழுத்தால் முதியவர்களின் மெல்லிய தோல் பசையோடு சேர்ந்து உரிந்து வரும். ஓரத்தில் ஆல்கஹால் பஞ்சை வைத்து நனைத்து, மெத்தை தானாக விட்டுக்கொடுக்கும் வேகத்தில் நகர்த்துங்கள். அவசரப்பட இங்கே இடமில்லை. புதியதை மறு தொடையில் ஒட்டினால் பழைய இடம் ஆறும். பக்கவாட்டில் படுத்துத் தூங்குபவர்கள் கவ்வி உடலுக்கு அடியில் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பிளாஸ்டிக் அழுத்தியே புண்ணாக்கிவிடும். பசை ஒவ்வாத தோலுக்கு இது சரிப்படாது.

வெல்க்ரோ தொடைப்பட்டை

நீளும் துணிப்பட்டையின் நடுவில் டியூபைச் சுற்றி ஒட்டும் சின்ன வெல்க்ரோ நாக்கு. டேல் போன்ற பெயர்களில் வருவது இந்த வகைதான். தோல் பாதுகாப்பில் இதற்கு நிகரில்லை. துவைக்கலாம், குளிக்கும்போது கழற்றி மறு தொடைக்கு மாற்றலாம்.

ஆனால் தொடை மேலே தடித்துக் கீழே மெலியும் உறுப்பு. நடக்க நடக்கப் பட்டை முழங்கால் பக்கம் இறங்கும், இறங்கும்போது டியூபையும் கூட்டிக்கொண்டு போகும். அதாவது, இழுப்பைத் தடுக்க வாங்கிய பொருளே இழுக்கத் தொடங்குகிறது. நின்றால் நன்றாக இருக்கிறது, நடந்தால் வலிக்கிறது என்பவர்கள் முதலில் பட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். சரி செய்ய இறுக்கிக் கட்டினால் வேறு சிக்கல்: ரத்தம் மேலேறுவது தடைபட்டு கால் வீங்கும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கழற்றியபின் தோலில் ஆழமான தடம் இருக்கக் கூடாது. கால் வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு, ரத்தக்கட்டி வந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது வேண்டாம். அதிகம் படுக்கையில் இருப்பவருக்கு, பசை ஒவ்வாதவருக்கு இது நல்ல தேர்வு.

வெறும் பிளாஸ்டர்

வேறெதுவும் கைவசம் இல்லாத இரவுக்கு மட்டும். வியர்வையில் தளரும், பசை டியூபில் ஒட்டி அழுக்குச் சேர்க்கும். போட்டே ஆக வேண்டுமென்றால், டியூபை நேராகத் தோலில் அமுக்கி ஒட்டாமல், முதலில் தோலில் ஒரு துண்டு, அதன்மேல் டியூபை முழுச் சுற்று சுற்றிய இன்னொரு துண்டு என்று ஒட்டுங்கள். டியூப் தோலிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும், அழுத்தப் புண் வராது.

எவ்வளவு தளர்வு விடுவது?

எதை வாங்கினாலும் பலன் இதில்தான் இருக்கிறது. காலை முழுதாக நீட்டி, கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, டியூப் வெளியே வரும் இடத்துக்கும் பிடிப்பானுக்கும் நடுவே குறைந்தது 2.5 செ.மீ. தளர்வு விட்டுப் பொருத்த வேண்டும். மடக்கிய காலில் அளந்து ஒட்டினால், எழுந்து நிற்கும்போது விறைத்துவிடும். பொருத்திய பிறகு உட்கார்ந்து, எழுந்து, நாலு அடி நடந்து பாருங்கள். எந்த நிலையிலும் டியூப் நாண் போல நிற்கக் கூடாது. ஆண்களுக்கு விறைப்பு ஏற்படும்போது தேவைப்படும் நீளத்தையும் சேர்த்து விட வேண்டும், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பொருத்தும் இடம் பெண்களுக்கு உள்தொடை. ஆண்களுக்கு மேல்தொடை அல்லது அடிவயிறு. நீண்ட நாள் கதீட்டர் வைத்திருக்கும் ஆண்களுக்குக் கீழ்நோக்கிய இழுப்பு குறியின் அடிப்புறத்தை அறுத்துப் பிளந்துவிடுவதுண்டு. வயிற்று வழியாகப் போட்ட டியூப் என்றால் வயிற்றிலேயே ஒட்டலாம். தளர்வு மிக அதிகமானாலும் தொல்லைதான்: டியூப் வளைந்து மடங்கி அடைக்கும்.

பேக்கும் இதில் சேர்த்தி

நல்ல பிடிப்பானை வாங்கிவிட்டு பேக்கைத் தளும்ப விடுவதில் பொருளில்லை. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். காலில் கட்டும் பேக்குக்கு மேலும் கீழுமாக இரண்டு பட்டை, அல்லது எடையைப் பரவலாகத் தாங்கும் நீளமான வலையுறை. இரவில் 2 லிட்டர் பேக், கட்டிலோரக் கொக்கியில், தரையைத் தொடாமல்.

பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிகவும் கீழே போகக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. சுமார் 30 செ.மீ.க்கு மேல் இறங்கினால், டியூபில் நிற்கும் சிறுநீர் உறிஞ்சுகுழல் போல இழுத்து, சிறுநீர்ப்பையின் உட்தோலை டியூபின் துளைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். வலிக்கும், சிறுநீரும் நிற்கும், அடைப்பு என்றே தோன்றும். பேக்கைச் சில நொடி மட்டும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டு இறக்கினால் உட்தோல் விடுபடும்.

எந்தப் பிடிப்பானும் தீர்க்காதவை

மலச்சிக்கல் முதலாவது. நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையைப் பின்னாலிருந்து அழுத்துகிறது, முக்கும்போது பிடிப்பு வருகிறது, டியூபைச் சுற்றியும் கசிகிறது. அடுத்து டியூபின் அளவு. டியூபின் தடிமனை அளக்கும் அலகு பிரெஞ்ச்; ஒரு பிரெஞ்ச் என்பது மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. 14 என்றால் விட்டம் ஏறக்குறைய 4.7 மி.மீ. வால்பகுதி வளையம் பச்சை என்றால் 14, ஆரஞ்சு 16, சிவப்பு 18. கசிகிறது என்று பெரிய டியூபுக்கு மாறுவது தலைகீழ் வைத்தியம். கசிவு பெரும்பாலும் பிடிப்பால் வருகிறது, பெரிய டியூப் பிடிப்பைக் கூட்டும். 30 மி.லி. பலூன் புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு ரத்தக் கசிவை நிறுத்த உதவுவது. தேவை முடிந்த பின்னும் அது உள்ளே இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். 10 மி.லி. பலூனில் 5 மி.லி. மட்டும் ஏற்றுவதும் தவறு. அது ஒருபக்கமாக உப்பி, நுனி சிறுநீர்ப்பைச் சுவரில் குத்தும்.

அடர் மஞ்சள் சிறுநீரே எரிச்சல் தரும், ஆகவே நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்படாதவர்கள் தாராளமாகக் குடிக்கலாம், காப்பியைக் குறைக்கலாம். சில வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும் டியூபில் பெரும்பாலும் உப்புப் படிகங்கள் படிந்திருக்கும். புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக்கி, படிகம் கட்ட வைக்கின்றன. கழற்றிய டியூபின் நுனியில் மணல் போல நெருடினால் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பிடிப்பு நிற்காவிட்டால் மாத்திரைக்கு இடமுண்டு. ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின் ஆகியவை சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துபவை. வாய் உலரும், முதியவர்களுக்குக் குழப்பம் வரலாம், மலச்சிக்கலும் வரும். அந்த மலச்சிக்கல் மறுபடி பிடிப்பைக் கொண்டுவரும் என்பதால் மலமிளக்கியையும் சேர்த்துக் கேளுங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வது, வாயை அவ்வளவாக உலர்த்தாது. கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

பிடிப்போடு சில மணி நேரமாக பேக்கில் ஒன்றுமே இறங்காமல் வயிறு உப்பினால், ரத்தக் கட்டிகள் வந்தால், குளிர்க்காய்ச்சலோ இடுப்பு வலியோ சேர்ந்தால், சாதனத்தைச் சரிசெய்து கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. மார்பு உயரத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் முகச்சிவப்பும் வியர்வையும் வந்தால், அடைபட்ட டியூபால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறிக்கொண்டிருக்கலாம். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, டியூபில் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு வலித்தாலும் டியூபை இழுக்கக் கூடாது, உள்ளே பலூன் இன்னும் உப்பித்தான் இருக்கிறது.