கார்பன் கிரெடிட்டா, கூரை சோலாரா: ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு

ஐரோப்பிய பையர்கள் அனுப்பும் படிவத்தில் ஜி.எஸ்.எம். (துணியின் எடைக் கணக்கு), ஷிப்மென்ட் தேதி இவற்றோடு கார்பன் கணக்கும் இப்போது ஒரு கட்டமாக வந்துவிட்டது. போன வருஷம் எத்தனை டன் கரியமில வாயு, இந்த வருஷம் எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். திருப்பூரில் நிட்டிங்கும் தையலும் வைத்திருக்கும் எங்களைப் போன்ற நடுத்தர யூனிட்டுக்கு இதில் இரண்டு வழி. சந்தையில் கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ ஒரு டன் புகை குறைந்ததற்கான சான்று, வாங்கிக் காட்டலாம். இல்லையென்றால் கூரையில் சோலார் போட்டு இ.பி. மீட்டரைக் குறைக்கலாம். நாங்கள் சோலார் போட்டோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

விலையை மட்டும் பார்த்தால் கிரெடிட்தான் ஜெயிக்கும். 50 கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலுக்கு வருஷம் சுமார் 70,000 யூனிட் தரும். கிரிட் மின்சாரத்தில் 1,000 யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 டன் கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. ஆக, வருஷத்துக்கு 50 டன் குறையும். பழைய காற்றாலைத் திட்டங்களின் கிரெடிட்டாக அதே 50 டன்னை வாங்கினால் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்தது. சோலாருக்கோ லட்சக்கணக்கில் முதல் போட வேண்டும். கரண்ட் பில் குறைந்து அது திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சோலாருக்கு மின்வாரியம் நெட்வொர்க் கட்டணம் கேட்டால் அதையும் மறக்காமல் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, ஒரு டன் ஏன் அவ்வளவு மலிவு? நான் முடிவெடுத்தது இந்தக் கேள்வியில்தான்.

கார்பன் சந்தை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஐரோப்பாவில் 2005-ல் தொடங்கியது முதல் வகை. மின் நிலையங்களும் பெரிய ஆலைகளும் எல்லாம் சேர்ந்து மொத்தம் இவ்வளவுதான் புகை விடலாம் என்று அரசு வரம்பு கட்டுகிறது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) வாய்க்காலில் முறைத் தண்ணீர் மாதிரிதான். அணையில் திறப்பது இவ்வளவு என்று அளந்தாகிவிட்டது. தனக்கு மிஞ்சியதை ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக்கு விட்டாலும் மொத்தம் மாறாது. அந்த மொத்தத்தையும் வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். 2023 பிப்ரவரியில் அங்கே ஒரு டன் புகை விடும் உரிமம் 100 யூரோவைத் தாண்டியது. அந்த விலையில் உரிமம் வாங்குவதைவிட ஆலையைச் சரிசெய்வது லாபம் என்று முதலாளிக்குத் தானாகத் தோன்றும். புகை குறைவது அப்படித்தான்.

நம் நாட்டில் 2023-ல் அறிவித்த திட்டமும் இந்த முதல் வகைக்கு நெருக்கம்தான், ஆனால் மொத்த வரம்பு கிடையாது. உற்பத்தியாகும் ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு புகை என்று இலக்கு. இலக்கைவிடக் குறைத்த ஆலை சான்றிதழை விற்கும், தவறிய ஆலை வாங்கும். சிமெண்ட், காகிதத்தோடு ஜவுளியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகும் பெரிய மில்களுக்கு. பனியன் கம்பெனிக்கு வராது.

நமக்கு விற்க வருவது இரண்டாவது வகை. இதில் அரசு வைக்கும் வரம்பும் இல்லை, இலக்கும் இல்லை. எங்கோ ஒரு திட்டத்தால் புகை குறைந்தது என்று சான்று தருகிறார்கள், நாம் காசு கொடுக்கிறோம். அந்தக் காசு வராவிட்டால் அந்தத் திட்டமே நடந்திருக்காது என்றால்தான் இதற்கு அர்த்தம். பல்லடத்திலிருந்து உடுமலை வரை நிற்கும் காற்றாடிகளைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், மில்லுக்குச் சொந்தக் கரண்ட் வேண்டும் என்ற தேவையும், வருமான வரியில் கிடைத்த தேய்மானச் சலுகையும் சேர்ந்து நட்டவை அவை. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பல கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தின் கிரெடிட் திட்டத்திலும் பதிவாகி கிரெடிட் வாங்கின. 2008-ல் 20 யூரோவைத் தாண்டிய அந்த கிரெடிட் 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அதற்காக யாரும் காற்றாடியை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் புதிதாக நட்டார்கள். அப்படியானால் அந்த கிரெடிட்டுக்கு நான் தரும் பணம் எந்தப் புகையைக் குறைக்கிறது? இந்தச் சந்தையின் தரத்தைப் பார்க்கும் ஐ.சி.வி.சி.எம். அமைப்பே 2024 ஆகஸ்டில், பழைய முறைகளில் வந்த புதுப்பிக்கத்தக்க மின்சார கிரெடிட்டுகளுக்குத் தர முத்திரை இல்லை என்று சொல்லிவிட்டது. சுமார் 23.6 கோடி கிரெடிட்டுகள் அதில் அடக்கம். மலிவுக்குக் காரணம் தெரிந்துவிட்டதா?

கிரெடிட் உண்மையிலேயே நல்லதாக இருந்தாலும் நம் பையருக்கு அது பிரயோஜனப்படாது. எஸ்.பி.டி.ஐ. என்பது கம்பெனிகளின் புகைக் குறைப்பு இலக்கைச் சரிபார்க்கும் அமைப்பு; அதன் இலக்கு வைத்திருக்கும் பிராண்டுகள், வாங்கிய கிரெடிட்டை அந்த இலக்கில் கழித்துக் காட்ட முடியாது. சப்ளையரான நம்மிடம் நிஜமாகக் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கிரெடிட்டை நம்பி ஒரு டி-ஷர்ட்டில் ‘கார்பன் நியூட்ரல்’ என்று போடுவதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் தடை. அப்புறம், ஐரோப்பிய எல்லையில் கார்பன் வரி என்று பயமுறுத்தி கிரெடிட் விற்பவர்களும் உண்டு. அந்த வரி சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரத்துக்கு. துணி அதில் இல்லை.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். அங்கே பாய்லர்தான் பெரிய செலவு, கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கும் ஸ்டீம் வேண்டும். கூரை சோலார் அதைத் தொடாது. விறகு எரித்தால் அந்தக் கரியமில வாயுவைத் தனியாகக் காட்டுவார்கள், நிலக்கரி என்றால் நேரடிக் கணக்கில் ஏறும். எனக்கு அங்கே கை வைத்துப் பார்த்த அனுபவம் இல்லை. மரம் வளர்ப்பு, சாண எரிவாயு கிரெடிட்டுகளும் அப்படித்தான். காற்றாடி கிரெடிட்டை வைத்து அவற்றை எடைபோடுவது நியாயமாகாது.

கூரையே இல்லாத வாடகை ஷெட்டில் இருப்பவர்கள் கிரெடிட்டுக்குப் பதிலாக ஆர்.இ.சி. (புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்) கேட்டுப் பார்க்கலாம். ஒரு சான்றிதழ் 1,000 யூனிட்டுக்குச் சமம், மின்சாரக் கணக்கில் செல்லும். பையர் ஒப்புக்கொள்வாரா என்று முதலில் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் போடாமல், வேறு கம்பெனி உங்கள் கூரையில் சோலார் வைத்து யூனிட் கணக்கில் காசு வாங்கும் ஒப்பந்தம் என்றால், பசுமைச் சான்று யாருக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அது அவர்கள் பெயரில் இருந்தால், பேனல் உங்கள் தலைக்கு மேலே இருந்தாலும் படிவத்தில் நீங்கள் பூஜ்யம்தான்.