புளியங்கொட்டையா, அட்டைப் பெட்டியா, ஓட்டைப் பாட்டிலா?

மதுரையை ஒட்டிய ஒரு கல்லூரியில் முதலாண்டுக்குத் துணைப்பாடக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர், பாடவேளை 50 நிமிடம். கரும்பலகையில் வகைக்கெழு, அதாவது ஒன்று மாறும் வீதம், போடும்போது குனிந்து எழுதிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளின் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக முயன்று வருகிறேன். செலவு என் கைக்காசு. மூன்று செய்முறைகளைச் செய்து பார்த்து, கடைசியில் புளியங்கொட்டையில் வந்து நின்றிருக்கிறேன்.

கைப்பேசியில் வரைபடம் வரையும் ஜியோஜீப்ரா இருக்கிறதே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நல்ல செயலி, இலவசம்தான். ஆனால் விரலால் நகர்த்தினால் வளைகோடு பிசிறில்லாமல் வந்துவிடுகிறது, கையால் அளக்க எதுவும் மிஞ்சுவதில்லை. செய்முறை முடிந்தபின் வரைந்து சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

அட்டைப் பெட்டி பழைய கணக்கு. தாளின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுச் சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாத பெட்டி. எவ்வளவு வெட்டினால் அதிகம் கொள்ளும்? ஏ4 அளவுக்கு, அதாவது 29.7-க்கு 21 செ.மீ., விடை 4.04 செ.மீ. கொள்ளளவு ஏறத்தாழ 1128 கன செ.மீ. பொரி நிரப்பி அளந்தோம். 2 செ.மீ. வெட்டிய பெட்டி 874தான் கொள்ளும், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் 3.5 வெட்டினால் 1112, 4.5 வெட்டினால் 1118. பொரியை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. "மூன்றும் ஒன்றுபோலத்தானே மேடம் இருக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்தச் செய்முறையைக் கைவிட மாட்டேன். பெருமத்தின் பக்கத்தில் வளைகோடு தட்டையாகிவிடுகிறது, வகைக்கெழு பூச்சியம் என்பதற்குப் பொருளே அதுதான். குறை என்னவென்றால், வெட்டிய தாளை ஒட்ட முடியாது. அளவை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் புதுத் தாள், புது வெட்டு, மறுபடி பத்து நிமிடம்.

ஓட்டைப் பாட்டிலில் கணிதம் இன்னும் ஆழமானது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சூடான ஊசியால் துளை போட்டு, பக்கவாட்டில் அளவுத்தாள் ஒட்டி, நீர்மட்டம் இறங்குவதைக் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி இது. நீர் வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே மட்டம் 16 செ.மீ.யிலிருந்து 4-க்கு இறங்க ஆகும் நேரமும், 4-லிருந்து வற்ற ஆகும் நேரமும் ஒன்றே. வகைக்கெழுச் சமன்பாட்டைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது இங்கேதான். ஆனால் கடைசிச் சொட்டுகள் கணக்குக்கு அடங்குவதில்லை. உடல் நெளிநெளியாக உள்ள பாட்டில் உதவாது. வகுப்பறைத் தரை நனையும், மறுபடி செய்யக் குழாயடிக்கு ஓட வேண்டும். நான் ஒரே ஒரு பாட்டிலை மேசையில் வைத்துச் செய்துகாட்டினேன். 60 பேரில் முன்வரிசைக்காரர்கள்தான் பார்த்தார்கள்.

இனிப் புளியங்கொட்டை. தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்ப்போமே, அதே கொட்டைதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவனின் அப்பத்தா புளி உடைத்துக் கொட்டை எடுக்கிறவர். ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். ஆளுக்கு 20 கொட்டை தேய்த்துவரச் சொன்னேன். 60 பேருக்கு 1200 கொட்டை. ஐந்து பேர் கொண்ட 12 குழு, குழுவுக்கு 100. தரையில் ஒரு துண்டை விரித்துக்கொண்டால் கொட்டை உருண்டோடாது, அடுத்த வகுப்புக்குச் சத்தமும் போகாது.

நூறையும் வீசு. வெள்ளை மேலே விழுந்தவற்றை எடுத்துவிடு. மிச்சத்தை எண்ணி எழுது. மிச்சத்தை மறுபடி வீசு. ஒரு குழுவின் நோட்டில் இருந்தது: 100, 61, 38, 22, 14, 8. பாதி பாதியாகக் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தேய்த்த பக்கம் தட்டையாக இருப்பதால் கொட்டை அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளவே விரும்புகிறது, வெள்ளை குறைவாகத் தெரிகிறது. எண்களின் மடக்கையை (log) எடுத்துச் சாதாரண வரைபடத்தாளில் குறித்தால் ஏறக்குறைய நேர்கோடு. அதன் சாய்விலிருந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் சுமார் 0.6 பங்கு மிஞ்சுகிறது என்றும், அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆவது, 1.4 வீச்சு என்றும் அவர்களே கண்டார்கள். ஒரு ரூபாய் நாணயங்களை வைத்தும் செய்யலாம், ஆனால் 1200 ரூபாய் முடங்கும். அதைவிட முக்கியம், நாணயத்துக்குப் பாதி என்ற விடை முன்பே தெரியும். நம் கொட்டைக்கான எண் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இதற்கெல்லாம் மேலாக என்னை இதன் பக்கம் சாய்த்தது, மறுபடி செய்ய ஆகும் நேரம். கொட்டைகளை அள்ளிச் சேர்க்க அரை நிமிடம் போதும். ஒரு பாடவேளையில் மூன்று சுற்று முடிகிறது. முதல் சுற்றில் பிள்ளைகள் நான் சொன்னதைச் செய்கிறார்கள், அவ்வளவுதான். கேள்வி பிறப்பது இரண்டாம் சுற்றில். "மேடம், போன தடவை 61, இந்தத் தடவை 55. எதை எழுதுவது?" என்று அதே குழு கேட்டது. நான் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒருவன், "இரண்டையும் எழுது. எங்களுக்கும் மாறித்தான் வருகிறது, ஆனால் கோடு அதே சாய்வில்தான் போகிறது" என்றான். பன்னிரண்டு குழுக்களின் எண்களையும் கூட்டிக் குறித்தபோது புள்ளிகள் இன்னும் நெருக்கமாகக் கோட்டில் அமர்ந்தன. நிகழ்தகவைப் பற்றி அன்றைக்கு நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. செய்முறை ஒரே ஒரு முறைதான் நடக்கும் என்றால், இந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது. பெட்டியும் பாட்டிலும் எனக்கு இங்கேதான் பின்தங்கின.

அடுத்த நாள் கீழடிக்குப் போனோம், கணக்கில்தான். அங்கே கிடைத்த கரித்துண்டுகளில் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கரியில் இருந்து, நம் கொட்டைபோலவே காலப்போக்கில் சிதைந்து குறைவது கார்பன்-14; அதன் அரை ஆயுள் சுமார் 5730 ஆண்டுகள். அப்படியானால் அந்தக் கரியில் முதலில் இருந்ததில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? 73 விழுக்காடு என்ற விடையைப் பெரும்பாலோர் என் உதவியின்றிப் போட்டார்கள். ஒரு மாணவி மட்டும், "கார்பனுக்கு அரை ஆயுள் 1.4 வீச்சு இல்லை, 5730 ஆண்டு, மற்றதெல்லாம் நம் கொட்டைதான்" என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

பராமரிப்பைச் சொல்ல வேண்டும். தேய்த்த இடத்தில் தோல் போய்விடுவதால் வண்டு துளைக்கிறது. முதல் ஆண்டுக் கொட்டைகளில் சிலவற்றைத் தூக்கிப்போட்டேன். இப்போது வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூடி இறுகிய பிஸ்கட் டப்பாவில் வைக்கிறேன். இப்படி வைத்து ஓர் ஆண்டுதான் ஆகிறது. அதற்குமேல் தாங்குமா என்பதை இனிதான் பார்க்க வேண்டும். எண்ணிக்கை அதிகமான வகுப்பிலும் நான் செய்து பார்த்ததில்லை.

பெரும சிறுமப் பாடம் வரும் வாரத்தில் பெட்டிதான் செய்வேன், அங்கே கொட்டைக்கு வேலை இல்லை. பாட்டிலுக்கு வராந்தாவில், குழாய்க்குப் பக்கத்தில், பத்து பத்துப் பேராக நிறுத்தி இன்னொரு முறை முயல வேண்டும். மற்றபடி ஜூனில் புது வகுப்பு வந்ததும் முதல் வேலை, ஆளுக்கு 20 கொட்டை.