பழைய அட்டாரியா, புதிய அட்டாரியா?

குன்னூரிலும் உதகையிலும் பழைய வீடியோ கேம் கருவிகளை விரும்பும் நண்பர்கள், டிவியில் இணைத்து விளையாடும், 1977-இல் வெளியான அட்டாரி 2600-ஐத் தேடிப்பிடிப்பதா, அதன் மறுவடிவமாக 2023-இல் வந்த 2600 பிளஸ்ஸை வாங்குவதா என்று தடுமாறுகிறார்கள்.

இணைப்பு: பழையது டிவியின் ஆன்டெனா இணைப்பு வழியாகப் படம் தருவதால் இன்றைய டிவியில் சேர்ப்பது பெரும்பாடு, புதியதற்கு எச்டிஎம்ஐ கம்பி ஒன்றே போதும்.

மின்சாரம்: பழையதோடு வரும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துவிடும், புதியது யுஎஸ்பியில் இயங்கும்.

உழைப்பு: மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் நம் ஊரில், கேட்ரிட்ஜின் (விளையாட்டு பதிந்த, கருவியில் செருகும் பெட்டி) செப்பு முனைகளில் பச்சை படியும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டிய இந்த வேலை இரண்டுக்கும் பொது. ஆனால், பழையதில் கெட்டுப்போன கெப்பாசிட்டரை ரேடியோ மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஒரே சிப்பில் எமுலேஷனாக, அதாவது பழைய கருவியை மென்பொருளால் போலச்செய்து ஓடும் புதியதில் அந்த வசதி குறைவு.

நம்பகம்: பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இன்றைய அட்டாரி, பழைய பெயரைப் பின்னாளில் பெற்ற வேறு நிறுவனம். இதேபோல் பழைய பெயரில் 2018-இல் அறிவிக்கப்பட்ட கேம் கருவியான இன்டெலிவிஷன் அமிகோ, சொன்ன 2020-இல் வரவில்லை. இன்னொரு பழைய பெயரைத் தாங்கிய கொலிகோ கமீலியன் கருவி 2016-இல் கைவிடப்பட்டது. 2600 பிளஸ் உண்மையிலேயே கடைக்கு வந்த பொருள் என்பதே அதன் பலம்.

பழுதுபார்ப்பதில் ஆர்வமும் பழைய பெட்டி டிவியும் உள்ளவர்கள் பழையதை வாங்கலாம். கேட்ரிட்ஜ் வைத்திருந்து, பிள்ளைகளோடு விளையாட மட்டும் விரும்புகிறவர்களுக்குப் புதியதே ஏற்றது.