மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்த சிஸ்டர்

இந்த முறை ஊருக்கு வந்ததில் எழுதியே ஆக வேண்டியது ஒன்றுதான்: குழந்தைகள் வார்டில் பார்த்த ஒரு ஐஸ் குச்சி.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் நோயுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு டிஸ்சார்ஜ். வழக்கம் உங்களுக்கே தெரியும்: சீட்டு, மருந்துக் கவர், "காய்ச்சல் வந்தா கூட்டிட்டு வாங்கம்மா". அந்த சிஸ்டர் அதோடு விடவில்லை. குழந்தையைப் படுக்கவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, தாயின் கையைப் பிடித்து வயிற்றின் இடது பக்கத்தில் வைத்தார். "கீழேயிருந்து விலா எலும்பை நோக்கி மெதுவா வாங்க. நுனி விரலால குத்தாதீங்க, விரலைப் படிய வைங்க. ஓரமா ஒண்ணு தட்டுதா? அதான் மண்ணீரல்."

பிறகு குச்சி. ஒரு முனையை விலா விளிம்பில் வைத்து, மண்ணீரலின் கீழ் ஓரம் முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. தாயே மூன்று முறை செய்து காட்டிய பிறகுதான் சீட்டைக் கையில் கொடுத்தார். தினமும் ஒரு முறை, குழந்தை அழாத நேரத்தில் பார்க்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில் கூடுதலாக. கோட்டைத் தாண்டி வீங்கி, குழந்தை வெளுத்துச் சோர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வளைந்த செல்கள் மண்ணீரலில் அடைத்து ரத்தம் அங்கேயே தேங்கும். சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் இறங்கி, ரத்த ஓட்டம் குன்றி குழந்தை ஷாக்குக்குப் போய்விடும்.

வெளிநாட்டில் இதே பாடம் வழவழப்பான கையேடாக வரும், வீடியோவாக வரும். கையைப் பிடித்துத் தொடவைக்க ஆள் கிடைப்பது அரிது. பழைய நாள் சிஸ்டர்கள் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பார்த்ததும் மனசு நிறைந்தது.

ஆனால் அந்தச் சீட்டில் காய்ச்சலுக்கு ஓர் எண் இல்லையே! 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101.3 ஃபாரன்ஹீட் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு மறுநாள் வரை பார்ப்பது ஆபத்து. பெரிதாக இருந்தாலும் இந்த மண்ணீரல் கிருமியை வடிகட்டாது. நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. 5 வயது வரை தினமும் இரண்டு வேளை பெனிசிலின் தருவதும் அதற்காகவே. 3 வயதுக்குள் வேளைக்கு 125 மில்லிகிராம். ஒரு வேளையும் தவறக் கூடாது.

எதிர்க் கட்டிலைப் பார்த்தபோதோ வயிறு எரிந்தது. அதே நோயின் வலியில் துடிக்கும் பையனின் முழங்காலில் ஐஸ் பை! குளிர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கி அடைப்பு கூடும்; வெதுவெதுப்பான ஒத்தடம்தான் தர வேண்டும். வலி ஊசி அரை மணிக்குள் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் டிரிப் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அளவு மீறிய திரவம் நுரையீரலில் தேங்கும். நெஞ்சு வலிக்கிறதென்று பையன் மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகும். இந்த நோயில் நுரையீரல் திடீரெனப் பாதிக்கப்படும் மார்பு நெருக்கடிக்கு (acute chest syndrome) அது போதும். விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 முறை இழுக்க வேண்டிய மூச்சுப் பயிற்சிக் கருவி, உறை பிரிக்காமல் ஜன்னலோரம் கிடந்தது.