கான்வி கோட்டை: பாலத்துல இருந்தே பாக்க ஆரம்பிங்க

அம்மா ஊர்லேந்து வந்திருந்தாங்க, மான்செஸ்டர்ல இருந்து ட்ரெய்ன் புடிச்சு நார்த் வேல்ஸ்ல இருக்க கான்வி கோட்டைக்கு கூட்டிட்டுப் போனேன். நான் பாத்த கோட்டைகள்ல இதான் மனசுல நிக்குது.

கான்வி ஸ்டேஷன் ஊருக்குள்ளயே இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி லாண்டட்னோ ஜங்ஷன்லயே இறங்கி நடந்து வாங்க. ஆத்துப் பாலத்துல வரும்போது பாறை மேல எட்டு டவரும் வரிசையா நிக்கிறது முழுசா கண்ணுல விழும், ஒட்டினாப்ல 1826ல டெல்ஃபோர்ட்ங்கற இன்ஜினியர் கட்டின தொங்குபாலமும் தெரியும், உள்ள போயிட்டா இந்த காட்சி கிடைக்காது.

1282ல வேல்ஸ் இளவரசர் லூவெலின் கொல்லப்பட்டதும், இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் இந்த ஆத்தங்கரைல இருந்த துறவி மடத்தையே காலி பண்ணி வேற எடத்துக்கு அனுப்பிட்டு 1283ல கோட்டைய ஆரம்பிச்சார். வேல்ஸ்காரங்களோட பெரிய அரசர் ஒருத்தர அடக்கம் பண்ணின மடம் அது, அவங்களுக்கு எப்படி வலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நாலரை வருஷத்துல, ஒரு கட்டத்துல 1500 பேர் வரைக்கும் வேலை செஞ்சு, கிட்டத்தட்ட 15,000 பவுண்டு செலவுல கோட்டையும் ஊர் மதிலும் எழும்பிடுச்சு. இவ்ளோ செஞ்ச எட்வர்டே 1294 குளிர்காலத்துல வேல்ஸ்காரங்க கிளர்ச்சில இதுக்குள்ள மாட்டிக்கிட்டு சாப்பாட்டுக்கு திண்டாடினார். 1401ல இன்னும் மோசம், புனித வெள்ளி அன்னைக்கு காவலுக்கு இருந்தவங்க சர்ச்சுக்குப் போன நேரம் பாத்து, தச்சு வேலைக்கு வந்த ஆள் மாதிரி ஒருத்தன் உள்ள நுழைஞ்சு வழி பண்ண, வேல்ஸ்காரங்களான டியூடர் சகோதரர்கள் ரெண்டு பேர் கோட்டையவே புடிச்சிட்டாங்க. பின்னாடி இங்கிலாந்து சிம்மாசனத்துல உக்காந்த ஏழாம் ஹென்றி இதே குடும்பத்து வாரிசுதான்.

உள்ள கூரை கிடையாது, அதனால மழை நாள்ல போகாதீங்க. டவர் படி எல்லாம் சுத்திச் சுத்தி குறுகலா போகும், கல்லு தேஞ்சு வழுக்குது, முட்டி வலி இருக்கவங்க கீழயே நிக்கிறது நல்லது. அம்மாவும் ஏறல, உள்முற்றத்துல நின்னு சுவர அண்ணாந்து பாத்துட்டே இருந்தவங்க, நான் இறங்கி வந்ததும் "ஏன்டா, நடுச்சுவத்துல அடுப்பு மட்டும் தொங்குது, நிக்கிறதுக்கு தரையக் காணோமே"ன்னாங்க. அது ராஜா குடும்பம் தங்கின மாடி அறைல குளிர் காயுறதுக்கு இருந்த கணப்பு. இங்கிலாந்துல நடந்த உள்நாட்டுப் போருக்கு அப்புறம் 1665ல கூரை ஈயத்தையும் மரத்தையும் உருவி எடுத்துட்டாங்க, மரத்தளம் போயிடுச்சு, கல் அடுப்பு மட்டும் அந்தரத்துல நிக்குது. நான் ரெண்டு தடவ அத தாண்டிப் போயிருக்கேன், கண்ணுல படவே இல்ல.

ஊர்ல ஒரு கடைல ஆறிப்போன டீய கொடுத்து காசு மட்டும் நல்லா வாங்கினாங்க, அதனால கையில ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போங்க. டிக்கெட் கோட்டைக்கு மட்டும்தான், ஊர் மதில் மேல நடக்க காசு கிடையாது, 1.3 கிலோமீட்டர், 21 டவர். மேற்குப் பக்கம் மதில் ரொம்ப உசரமா ஏறுது, அங்க நின்னு திரும்பிப் பாத்தா ஊர் வீட்டுக் கூரைங்களுக்கு அந்தப்பக்கம் எட்டு டவரும் அதுக்குப் பின்னாடி ஆறும், அங்க ஒரு அரைமணி நேரமாச்சும் நில்லுங்க.