பத்துக் கட்டச் சிறுநீர் ஸ்ட்ரிப்: வீட்டு உபயோகத்துக்கு எந்த அளவுக்கு நம்பலாம்?

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள என் தாயாருக்காக, பத்துச் சோதனைகளை ஒரே பட்டையில் செய்யும் சிறுநீர் ஸ்ட்ரிப்புகளை மருந்துக் கடையில் வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, பட்டையை முக்கியெடுத்து, குப்பியில் ஒட்டியுள்ள நிற அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். சர்க்கரையை 30 விநாடியிலும், புரதத்தையும் இரத்தத்தையும் 60 விநாடியிலும், வெள்ளையணுக்களை 2 நிமிடத்திலும் பார்க்க வேண்டும். தாமதித்தால் நிறம் மாறித் தவறான முடிவைக் காட்டும்.

நிற மாற்றம் தெளிவாகவே தெரிகிறது. ஆனால், அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்பதைப் பெட்டியில் உள்ள தாள் விளக்குவதில்லை. இதையே பெரிய குறையாகக் கருதுகிறேன். மஞ்சளாக இருக்கும் புரதக் கட்டம் பச்சையானால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பலரும் அஞ்சுகிறார்கள். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, நீரிழப்பு ஆகியவற்றாலும் புரதம் தற்காலிகமாக வெளியேறும் என்பதால், சில நாட்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. மறுபுறம், சர்க்கரை நோயாளிகளுக்குத் தொடக்கத்தில் கசியும் மிகச் சிறிதளவு ஆல்புமின் என்ற புரதத்தை இந்தக் கட்டம் கண்டுபிடிக்காமல் போகலாம். அதற்கு ஆய்வகத்தில் ஆல்புமின்–கிரியாட்டினின் (சிறுநீரில் வெளியேறும் தசைக் கழிவுப்பொருள்) விகிதம் பார்க்க வேண்டும். அது 30 மி.கி./கிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு.

இரத்தக் கட்டத்துக்கும் இதே எச்சரிக்கை தேவை. கல், தொற்று, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று காரணங்கள் பல. மாதவிடாய் இரத்தம் கலந்தாலும், தசை சிதைந்து அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் வெளியேறினாலும் கட்டம் நிறம் மாறும். நுண்ணோக்கியில் சிவப்பணுக்களைப் பார்த்தே உறுதி செய்ய முடியும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுப்பவர்களுக்கோ, இருக்கும் இரத்தமும் சர்க்கரையும் தெரியாமல் போகக்கூடும்.

சர்க்கரைக் கட்டம் பழுப்பானதைக் கண்டு நாங்கள் முதலில் கலங்கினோம். இரத்தச் சர்க்கரை பொதுவாக 180 மி.கி.-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அம்மாவுக்கோ அது கட்டுக்குள் இருந்தது. அவர் உட்கொள்ளும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து என்பதை மருத்துவர் விளக்கினார். அந்த மாத்திரை எடுப்பவருக்குக் கீட்டோனும் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) கூடி, வாந்தியோ மூச்சுவாங்கலோ இருந்தால், இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நைட்ரைட் (சில கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் பொருள்) கட்டம் தொற்றைக் காட்டும். ஆனால் எல்லாக் கிருமிகளும் அதை உண்டாக்குவதில்லை என்பதால், எரிச்சல் இருப்பவர்கள் ‘நெகட்டிவ்’ என்று விட்டுவிடாமல் கல்ச்சர் சோதனை (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்துகொள்வது நல்லது.

குப்பியை உடனுக்குடன் இறுக மூடாவிட்டால் ஈரம் பட்டுப் பட்டைகள் வீணாகும். மருத்துவர் சொன்னபடி வீட்டில் கண்காணிக்க வேண்டியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பேன். அறிகுறியோடு இருப்பவர்கள் ஆய்வகத்துக்கே செல்லட்டும்.