ராமோவின் 'லே போரேயாத்': டிவிடியில் பார்க்க, சிடியில் கேட்க

பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-ஃபிலிப் ராமோவின் கடைசி ஓபராவான 'லே போரேயாத்' 1763இல் ஒத்திகை வரை வந்து நின்றுபோனது. மறு ஆண்டே, 80 வயதில், அவர் இறந்தார். 1975இல் லண்டனில் ஆங்கில இசை நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் இதைக் கச்சேரியாக நடத்தினார். முழு மேடையேற்றம் 1982இல்தான், பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவில்.

கதை கிரேக்கப் புராணத்திலிருந்து எடுத்தது. பாக்ட்ரியா ராணி ஆல்ஃபிஸ், வடகாற்றுக் கடவுள் போரேயாஸின் வம்சத்தில்தான் மணமுடிக்க வேண்டும். அவள் மனமோ பிறப்பு தெரியாத அபாரிஸ் மேல். அரியணையை உதறுகிறாள், புயல் வந்து அவளைத் தூக்கிப்போகிறது. கடைசியில் அபாரிஸே அப்போலோவுக்கும் போரேயாஸ் குலத்துப் பெண்ணுக்கும் பிறந்தவன் என்று தெரிகிறது. அவ்வளவுதான் கதை. சரக்கெல்லாம் ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறது.

ஓபஸ் ஆர்ட்டே நிறுவனத்தின் டிவிடி, 2003இல் பாரிஸின் பாலே கார்னியே ஓபரா அரங்கில் நடந்த தயாரிப்பு. இசை நடத்தியவர் வில்லியம் கிறிஸ்டி, மேடை இயக்கம் ராபர்ட் கார்சன். போரேயாஸ் கூட்டத்துக்குக் கறுப்பு கோட்டு, எதிர்த்தரப்புக்கு வெள்ளை. கோடைப் பூக்கள் போய் சருகு, சருகு போய் பனி என்று பருவங்களே கதை சொல்லும், கண்ணுக்கு விருந்து. அபாரிஸாக வரும் பால் ஆக்னியூ முதல் தரம். இந்தப் பாத்திரத்துக்குரிய பிரெஞ்சு 'ஓத்-கோந்த்ர்' என்பது மேல் ஸ்தாயியில் பாடும் ஆண் குரல், பொய்க்குரல் அல்ல. ராமோ காலத்து பாரிஸ் சுருதி இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸை விடக் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்வரம் கீழே. அவர் எழுதியதை 440இல் பாடினால் தொண்டை இறுகிவிடும். ஆல்ஃபிஸாக வரும் பார்பரா போனியின் குரல் அழகு. ஆனால் வேகப் பிருகாக்களில் கொஞ்சம் ஜாக்கிரதை தெரிகிறது.

குறை நடனத்தில். எடுவார் லோக்கின் அமைப்பு எப்போதும் ஒரே படபடப்பு. ராமோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித் தாளநடை தந்திருக்கிறார். கால்கள் அதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை.

அதனால் காதுக்கு கார்டினர் 1982இல் எராட்டோ நிறுவனத்துக்குச் செய்த சிடி பதிவையும் வாங்கலாம். முதலில் நான்காம் அங்கத்தில் கலைத் தேவதை பாலிம்னி வரும் இடத்தைக் கேளுங்கள். வயலின்கள் ஒவ்வொரு ஸ்வரமாக மெல்ல இறங்க, பாசூன்கள் (கீழ் ஸ்தாயி மரக்குழல்கள்) அடியில் துணை நிற்காமல் தங்களுக்கென்று தனிப் பாட்டு எடுத்து ஏறி வருகின்றன. அதே அங்கத்தில் 'மணிநேரங்கள்' எனும் தேவதைகள் ஆடும் கவோத் என்ற பிரெஞ்சு நடனம், கடிகாரம்போல் டிக்டிக் என்று ஓடும். ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் போரேயாஸ் ஆணையிட்டும் காற்றுகளுக்கு வீசத் தெம்பில்லை. இசையும் ஓரடி எடுத்து, நின்று, மறுபடி முயன்று தடுமாறுகிறது. 1763இல் எழுதியது என்று நம்ப முடியாது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றாம் அங்க முடிவில் கிளம்பும் புயல், இடைவேளையின்றி நான்காம் அங்கத்துக்குள் நுழைகிறது. செயலியில் டிராக்குகளை இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' வசதியை இயக்காவிட்டால் டிராக் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு மௌனம் விழலாம். புயல் நடுவில் சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் இருக்கும்.